மணவாளக்குறிச்சி மணல் கதிர்வீச்சால கேன்சர் கூடுதா? இதெல்லாம் எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

கடற்கரைக்காரன்:
அம்மா ஊரு மணவாளக்குறிச்சி பக்கம். கடல்ல குளிச்சிட்டு வந்தா கால்ல கருப்பா மணல் அப்பிக்கும், அதுல கதிர்வீச்சு விடுற தோரியம் இருக்குன்னு சின்ன வயசுலயே கேட்டிருக்கேன். ஊருல யாருக்கு கேன்சர் வந்தாலும் மணலைத்தான் சொல்லுவாங்க, தாத்தா வாய்ப்புத்துல போனப்பவும் அதேதான். இப்ப ஒருத்தர் கேரளாவுல ஆராய்ச்சி பண்ணி ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களேங்கிறார். எப்படிய்யா அப்படி சொல்ல முடியும்?

அரைகுறை பிசிக்ஸ்:
கருப்பா இருக்கிறது இல்மனைட்ங்கிற தாது, அது அப்பிராணி. தோரியம் இருக்கிறது தேன் கலர்ல இருக்கிற மோனசைட்ல. அவர் சொன்னது கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளி ஸ்டடியா இருக்கும், திருவனந்தபுரம் ஆர்.சி.சி.ங்கிற கேன்சர் மையம் பண்ணினது. வீடு வீடா போய் உள்ளயும் வெளியயும் மீட்டர் வச்சு அளந்து, பீடி புகையிலை தொழில் படிப்புன்னு எல்லாம் எழுதிக்கிட்டாங்க, யாருக்கு நோய் வருதுன்னு பாக்க 1990லயே அங்க கேன்சர் ரிஜிஸ்ட்ரி ஆரம்பிச்சாச்சு. 30 வயசு தாண்டின ஏறத்தாழ 70,000 பேர்ல 2005 வரைக்கும் 1,379 கேன்சர். டோஸ், அதாவது உடம்பு வாங்கின கதிர்வீச்சு அளவு, கூடக் கூட கேன்சர் கூடினதா தெரியல.

எண்ணும் எழுத்தும்:
"தெரியல" வேற, "இல்ல" வேற பாஸ். அவங்க கணக்குல ஒரு கிரேக்கு (டோஸை அளக்கிற அலகு) கேன்சர் 13% குறைவுன்னு வந்துச்சு, ஆனா எர்ரர் ரேஞ்ச், அதாவது நிஜ எண் இருக்கக்கூடிய எல்லை, 58% குறைவுல இருந்து 46% கூடுதல் வரைக்கும் போகுது, அதாவது சின்னதா கூடியிருந்தாலும் இந்த வலையில சிக்காது. ஹிரோஷிமா நாகசாகியையே பாருங்க, 1958-98ல 1,05,000 பேர்ல 17,448 பேருக்கு கட்டி வகை கேன்சர், அதுல குண்டால கூடுதலா வந்தது ஒரு 850தான்னு கணக்கு, மிச்சம் எப்படியும் வந்திருக்கும். அந்த 850 யாரு யாருன்னு கேட்டா ஒருத்தராலயும் பேர் சொல்ல முடியாது.

சர்வே அக்கா:
டோஸ் எழுதுறதே பெரிய பாடு தம்பி. நான் வேற ஒரு சுகாதார சர்வேல ஃபாரம் தூக்கிட்டு அலைஞ்சவ. எத்தனை வருஷமா இந்த வீடுன்னு கேட்டா, "கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து"ம்பாங்க, அது எந்த வருஷம்னு கேட்டா "மூத்தவ பொறக்கறதுக்கு முன்னாடி". அவங்க பொறந்த ஊர்ல வாங்கின டோஸ் தனி, வீட்டுக்குள்ள எவ்ளோ நேரம் வெளிய எவ்ளோ நேரங்கிறது தனி. ஆமா, தாத்தாவுக்கு வெத்தலை பழக்கம் உண்டா?

கடற்கரைக்காரன்:
வெத்தலையாவது ஒண்ணாவது, புகையிலையை ராத்திரி தூங்கும்போதும் கொடுப்புல அடக்கிக்கிட்டுதான் படுப்பார்க்கா. அம்மாகிட்ட இதை சொன்னா இன்னிக்கு சோறு கிடைக்காது.