புதிய ஸ்பார்க் பிளக்கின் மரையில் ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவலாமா?

கேள்வி

வணக்கம். எனது காரின் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றிக்கொண்டிருக்கிறேன். பிளக்குகள் மாட்டப்படும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். மூன்று பிளக்குகள் எளிதாகக் கழன்றுவிட்டன. நான்காவது மட்டும் கிறீச்சிட்டபடியே வெளியே வந்தது. அதன் அடிப்பக்க மரையில் இரண்டு சுற்றுக்குச் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருக்கிறது. அடுத்த முறை இப்படிப் பிடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக, புதிய பிளக்குகளின் மரையில் செம்பு கலந்த ஆன்டி-சீஸ் கிரீஸைத் தடவி, கையேட்டில் உள்ளபடி 25 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரென்ச்சால் (முறுக்கும் அளவைக் காட்டும் ரென்ச்) முறுக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். பிளக் 14 மில்லிமீட்டர் அளவுடையது, வாஷர் உள்ள வகை. இது சரிதானா?

மறுமொழி 1

தாராளமாகத் தடவலாம். நான் எல்லா எஞ்சின்களிலும் தடவித்தான் மாட்டுகிறேன். இதுவரை எந்த மரையும் கெட்டதில்லை. டார்க் ரென்ச் பயன்படுத்துவதில்லை, கைக்கணக்குதான்.

மறுமொழி 2

மேலே எழுதிய நண்பருக்குச் சிக்கல் வராததற்கு அவருடைய கைப்பழக்கமே காரணமாக இருக்கும் என்பது என் கருத்து. வாஷர் நசுங்கி இறுகுவதை விரலால் உணர்ந்து அவர் நிறுத்திவிடுகிறார். நீங்களோ டார்க் ரென்ச்சை நம்பி முறுக்கப் போகிறீர்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கையேட்டில் உள்ள 25 நியூட்டன் மீட்டர் என்பது உலர்ந்த மரைக்கான அளவு. நாம் முறுக்கும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் வாஷரின் அடியிலும் உள்ள உராய்வை வெல்வதற்கே செலவாகிறது. எஞ்சிய சிறு பங்குதான் பிளக்கை இழுத்துப் பிடிக்கிறது. கிரீஸ் தடவி உராய்வைக் குறைத்துவிட்டால், ரென்ச் அதே 25 என்று காட்டினாலும் பிளக் அதைவிட மிகுதியாக இறுகிவிடும். இதனால் பிளக்கின் உலோக உடல் நீண்டு உள்ளே உள்ள வாயு அடைப்பு தளரலாம், அல்லது அலுமினிய மரையே பெயர்ந்து வரலாம். மேலும், வழிந்த கிரீஸ் மின்முனையில் பட்டால் பொறி சரியாக விழாது.

புதிய பிளக்கின் மரை வெள்ளி போலப் பளபளத்தால், அது முலாம் பூசப்பட்டது. துருவைத் தடுப்பதும் பிடித்துக்கொள்ளாமல் காப்பதும் அந்த முலாமின் வேலையே என்பதால்தான், பிளக் தயாரிக்கும் என்ஜிகே நிறுவனம் இத்தகைய பிளக்குகளுக்கு ஆன்டி-சீஸ் வேண்டாம் என்கிறது. முலாம் இல்லாத கறுப்பு நிற உடல் கொண்ட பழைய வகைக்கு மட்டுமே அது பொருந்தும். அப்போதும் மிக மெல்லியதாகத் தடவி, முறுக்கும் அளவையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. புதிய பிளக்குகள் பளபளப்பானவைதான், எனவே கிரீஸைத் தொடப் போவதில்லை. ஆனால் நான்காவது பிளக் ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது? அந்தத் துளையில் புதியதை அப்படியே மாட்டிவிடலாமா?

மறுமொழி 2

அப்பியிருப்பதை முதலில் ஓர் ஊசியால் சுரண்டிப் பாருங்கள். கறுப்புத் தூளாக உதிர்ந்தால் அது கரி. அப்படியானால் பழைய பிளக்கையும் புதியதையும் அருகருகே வைத்து மரையின் நீளத்தை ஒப்பிடுங்கள். தவறான நீளமுள்ள பிளக்கை யாரேனும் முன்பு மாட்டியிருந்தால், மரை எரியறைக்குள் நீட்டிக்கொண்டு கரி பிடித்திருக்கும். மாறாக, சுரண்டிய இடம் உலோகமாக மின்னினால், அது ஹெட்டிலிருந்து உரிந்து வந்த அலுமினியம். முன்பு அளவுக்கு மீறி முறுக்கியதாலோ, எஞ்சின் சூடாக இருக்கும்போதே கழற்றியதாலோ இது நேர்ந்திருக்கலாம்.

எதுவாக இருந்தாலும், அந்தத் துளையை மரை சீராக்கும் கருவியால் சுத்தம் செய்த பிறகே புதியதை மாட்டுங்கள். மரை வெட்டும் டேப்பைப் பயன்படுத்தாதீர்கள். அது நல்ல அலுமினியத்தையும் சீவிவிடும். கிரீஸுக்கு உண்மையான வேலை இங்கேதான்: கருவியின் பள்ளங்களில் அதை நிரப்பினால், துகள்கள் சிலிண்டருக்குள் விழாமல் ஒட்டிக்கொள்ளும். பிறகு மரையில் ஒட்டிய கிரீஸை முழுவதும் துடைத்துவிடுங்கள்.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிளக்கின் தலையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அதைக் கொண்டே விரலால் திருகுங்கள்; மரை குறுக்காக ஏறினால் குழாய் வழுக்கிவிடும் என்பதால் சேதம் நேராது. வாஷர் ஹெட்டில் அமரும் வரை விரலாலேயே போக வேண்டும். அதற்கு முன்பே கடினமானால் நிறுத்திவிட்டு, துளையை மீண்டும் சுத்தம் செய்யுங்கள்.