பைக் கிட்டின் தரத்தைப் பெட்டியைப் பார்த்தே சொல்ல முடியுமா?

ரெண்டுஸ்ட்ரோக் மதுரை:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்கேல் மாடல், அதாவது நிஜத்தைச் சுருக்கிய பிளாஸ்டிக் மாதிரி, செய்யத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. விமானம் இரண்டு, கார் ஒன்று, அப்புறம் முழுக்க 1/12 (நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு) பைக் பக்கம் வந்துவிட்டேன்.

போன மாதம் ஆன்லைனில் ஒரு ரேஸ் பைக் கிட் வாங்கினேன். 2,800 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம், விடுங்கள். பெட்டிப் படம் அட்டகாசமாக இருந்தது. 200 பாகங்களுக்கு மேல் என்றும் போட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் கிளட்ச் கவர் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினது போல ஒரு குழி. ஃபேரிங்கின் (பைக்கை மூடும் வெளிக்கூடு) இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தால் மூக்கில் நகம் நுழைகிற இடைவெளி. டெக்கால் தாள் (நனைத்து ஒட்டுகிற எழுத்தும் படமும்) பழைய பத்திரம் மாதிரி மஞ்சள். எல்லாவற்றுக்கும் மேலே, முன் டயர் ரிம்மில் ஒட்டிக் கிடந்தது. பிரித்தெடுத்தால் ரிம் மெழுகு போல இளகியிருந்தது.

அடுத்து டாமியா கம்பெனியின் 1/12 யமஹா ஆர்.இசட்.350 வாங்க ஆசை. அப்பாவிடம் ராஜ்தூத் 350 இருந்தது. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது விற்றுவிட்டார். அதைப் போல ஒன்றை அவர் மேஜையில் வைக்க வேண்டும். இன்னொரு பக்கம் மெங் கம்பெனியின் 1/9 கவாசாகி ஹெச்2ஆர் கண்ணை இழுக்கிறது. காசு கொடுப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்? பாகம் அதிகம் என்றால் தரம் அதிகமா?

கோந்து டப்பா:

கண்ணை மூடிக்கொண்டு டாமியா வாங்குங்கள் ப்ரோ. அவ்வளவுதான் விஷயம்.

டூல்ரூம் தாத்தா:

கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்க வேண்டாம் தம்பி. நான் கோவையில் 31 வருடம் பிளாஸ்டிக் மோல்டு செய்தவன். ஓய்வு பெற்ற பிறகு பேரன் கொண்டுவந்த கிட் ஒன்றைப் பார்த்து இந்தப் பைத்தியம் பிடித்தது. பைக்கைவிட அதை வார்த்த அச்சைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும், அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

உங்கள் கிளட்ச் கவர் குழிக்கு சிங்க் மார்க் என்று பெயர். பாலிஸ்டைரீன் ஆறும்போது சுமார் அரை சதவீதம் சுருங்கும். தடிமன் ஒரே மாதிரி இருந்தால் சுருங்குவது வெளியே தெரியாது. பின்னால் ஒரு தடித்த முளை இருந்தால் அந்த இடம் கடைசியாக ஆறும், மேல்தோலை உள்ளே இழுத்துக்கொள்ளும். நல்ல டிசைனர் அந்த முளையைக் குடைந்து மெலிதாக்கியிருப்பார். கவரைத் திருப்பிப் பாருங்கள், குழிக்கு நேர் பின்னால் ஒரு முளை இருக்கும். பந்தயம் கட்டுகிறேன்.

இரண்டாவது, ஃபோர்க் குழாய். அச்சின் இரண்டு பாதி சந்திக்கிற இடத்தில் ஒரு கோடு விழும். அது எல்லாக் கிட்டிலும் உண்டு, குற்றமில்லை. கோட்டின் மேல் நகத்தைக் குறுக்கே இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி. படி தட்டினால் இரண்டு பாதியும் விலகி நிற்கின்றன என்று அர்த்தம். குழாய் உருண்டையாக இருக்காது. உப்புத்தாள் போட்டுக் கோட்டை எடுக்கலாம், உருண்டையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஹெச்2ஆருக்கு ட்ரெல்லிஸ் ஃபிரேம், குழாய் குழாயாகப் பின்னியது. அதில் இந்தத் தப்பு இருந்தால் ஒரு வாரம் அரத்தோடுதான் குடித்தனம். குரோம் பூசிய பாகமென்றால் இன்னும் மோசம், உரசினாலே பூச்சு போய்விடும். அதனால்தான் சில கிட்களில் குரோம் பாகங்களை ரன்னரோடு (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) இணைக்கும் கேட்டை அடிப்பக்கமாக வைக்கிறார்கள். வெட்டின தழும்பு உள்ளே மறைந்துவிடும். அந்த ஒன்றைப் பார்த்தாலே செய்தவன் மாடலைக் கட்டிப் பார்த்தவனா, டிராயிங்கோடு நின்றவனா என்று சொல்லிவிடுவேன்.

எனக்குப் பிடித்த பரீட்சை ஏர்கூல்டு எஞ்சினின் ஃபின்கள், அதாவது சூட்டை வெளியேற்றுகிற தகடுகள். அச்சு திறக்கிற திசையில் மட்டும்தான் ஆழமான பள்ளம் போட முடியும். எஞ்சினை இடம் வலமாக இரண்டே பாதியாக வார்த்தால் பக்கவாட்டு ஃபின்கள் நன்றாக வரும். சிலிண்டரின் முன்பக்கம், அதாவது காற்று வந்து மோதுகிற பக்கம், கரம் பலகையில் கோடு கீறியது போல மேலோட்டமாக நின்றுவிடும். அதைத் தவிர்க்க பக்கத்திலிருந்து நகர்கிற ஸ்லைடு வைக்க வேண்டும், இல்லையென்றால் சிலிண்டரைத் தனித் தனி அடுக்காகப் பிரித்து வார்க்க வேண்டும். இரண்டுமே செலவு. எனவே கடைக்காரர் பக்கவாட்டுப் படம் காட்டினால் போதாது, எஞ்சினை முன்னாலிருந்து எடுத்த படம் கேளுங்கள்.

பாக எண்ணிக்கைக்குப் பதில் இதிலேயே வந்துவிட்டது. சிலிண்டரை நாலாகப் பிரித்தால் பலன் உண்டு. ஹேண்டில்பாரை மூன்றாகப் பிரித்தால் பட்டி பார்க்கிற வேலைதான் மிச்சம்.

டயர் விஷயம் வேதியியல். மென்மையான வினைல் டயரில் இளக்குவதற்கு ஓர் எண்ணெய் கலந்திருக்கும். வருடக்கணக்கில் பாலிஸ்டைரீனைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் அது கசிந்து பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். டயர் தனிப் பையில் இருக்கிறதா என்று பாருங்கள். புது அட்டைப் பெட்டிக்குள் பழைய அச்சு வருவதும் சகஜம். பல கம்பெனிகள் ரன்னரிலேயே வருடத்தைப் பொறித்திருப்பார்கள். ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் தேடினால் எந்த அச்சு எத்தனை பெட்டி மாறியது என்ற ஜாதகமே கிடைக்கும். பழைய அச்சு என்பதாலேயே ஒதுக்க வேண்டாம், நன்றாக வைத்துக்கொண்ட அச்சு நம்மைவிட நீண்ட நாள் உழைக்கும்.

அளவு சரியா என்று பார்க்க வெர்னியர் அளவுகோல் போதும். 120/70-17 என்ற முன் டயரை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 120 மி.மீ., உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 84. இரண்டு பக்கமும் 168. ரிம் 17 அங்குலம், 432 மி.மீ. மொத்தம் 600. 1/12-ல் சரியாக 50 மி.மீ. வர வேண்டும். 190/55-17 பின் டயர் என்றால் 53.4, அகலம் 15.8. அரை மில்லி கூடக் குறைய இருக்கலாம். மூன்று மில்லி குறைந்தால் அந்த பைக் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பொம்மையாகத்தான் தெரியும். ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் தெரியும்.

டெக்கால் எனக்குக் கைவராத வித்தை. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ஈரத் தாள்:

மஞ்சள் டெக்காலைத் தூக்கிப் போட வேண்டாம். ஜிப் கவரில் போட்டு, வெயில் படுகிற ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள். சில வாரங்களில் வெளுத்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு இன்னும் சீக்கிரம். வாங்கும்போது ஸ்பான்சர் எழுத்துகளின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடியில் இருக்கும் வெள்ளை ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் அச்சடிப்பு விலகியிருக்கிறது, அதற்கு மருந்தில்லை. தாளில் டெக்கால் அச்சடிக்கும் இத்தாலியக் கம்பெனி கார்ட்டோகிராஃப் பெயர் இருந்தால் நான் யோசிப்பதில்லை.

பழைய யமஹா:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ஆர்.இசட்.350 உங்கள் அப்பாவின் வண்டி இல்லை. எஸ்கார்ட்ஸ் 1983-ல் கொண்டுவந்த ராஜ்தூத் 350 என்பது யமஹா ஆர்.டி.350பி-யின் வழி வந்தது: ஏர்கூல்டு, பின்னால் இரண்டு ஷாக், கம்பி ஸ்போக் வீல், முன்னால் டிஸ்க்குக்குப் பதில் ட்ரம். ஆர்.இசட். அதற்கு அடுத்த தலைமுறை. வாட்டர்கூல்டு, மோனோஷாக் (பின்னால் ஒரே ஷாக்), அலாய் வீல். இரண்டும் 347 சிசி ட்வின் ரெண்டுஸ்ட்ரோக் என்பதால் குழப்பம் சகஜம்.

டூல்ரூம் தாத்தா:

நல்லவேளை சொன்னீர்கள். அப்படியானால் ஃபின் பரீட்சையும் ஆர்.இசட்.டுக்குப் பொருந்தாது. ஸ்போக் இல்லாததும் ஒரு வகையில் லாபம். நிஜ ஸ்போக் 4 மி.மீ. என்று வைத்தாலும் 1/12-ல் 0.33தான். அவ்வளவு மெல்லிய, நீளமான பள்ளத்தில் பிளாஸ்டிக் ஓடாது. எந்தக் கம்பெனி வார்த்தாலும் ஸ்போக் தடியாகத்தான் வரும்.

ரெண்டுஸ்ட்ரோக் மதுரை:

தாத்தா, பந்தயத்தில் நீங்களே ஜெயித்தீர்கள். கவருக்குப் பின்னால் பட்டாணி அளவு முளை.

ஆர்.இசட். விற்பவரிடம் ரன்னர் படம் கேட்டேன். மூன்று முறை பெட்டிப் படத்தையே அனுப்பினார். நாலாவது முறை வந்ததை இணைத்திருக்கிறேன், ஃபோர்க் தெரிகிறது.

அப்பாவிடம் ஆர்.இசட். படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “நம்ம வண்டிக்கு ஏதுடா ரேடியேட்டர்?” என்றார். ஆனால் போனைத் திருப்பித் தர அரை மணி நேரம் ஆயிற்று.

டூல்ரூம் தாத்தா:

படம் பார்த்தேன். கோடு இருக்கிறது, படி இருப்பதாகத் தெரியவில்லை. வாங்கலாம். வந்ததும் முதல் வேலையாக டயரை வேறு பையில் போடுங்கள்.