காட்டுவளவு சொந்தங்கள் (குடும்பக் குழு)

கார்த்தி, காலை 7:02
எல்லாருக்கும் வணக்கமுங்க. மூலனூர் காட்டு விசயமா ஒன்னு கேக்கோணும். குத்தகை முடிஞ்சதும் நானே ஆட்டுப்பண்ணை போடலாம்னு இருக்கறனுங்க. தரைக்கு மேல ஒசரமாப் பரண் கட்டி ஆட்ட அதுலயே நிறுத்தி வளக்கற கொட்டாய், தலைச்சேரி வெள்ளாடு 100 பெட்டை, 5 கெடா. தேசிய கால்நடை இயக்கத்துல பாதி மானியம், 10 லட்சம் வரைக்கும் தர்றாங்க. மீதிக்கு பேங்க் லோன்.

மல்லிகா அத்தை, 7:05
கோயமுத்தூர் வேலைய உட்டுப்போட்டா?

கார்த்தி, 7:05
இல்லீங்கத்தை, ஆள் வெச்சுப் பாத்துக்கலாம்.

மல்லிகா அத்தை, 7:06
ஆளு! எங்க ஊட்டுக்குத் தேங்கா போடவே ஆளக் காணோம். 2012ல ஈமுக்கோழி வாங்கறப்பவும் உங்க மாமா இதையேதான் சொன்னாரு.

சண்முகம் மாமா, 7:09
அத இப்ப எதுக்கு இழுக்கறே

பெரியப்பா, 7:31
(குரல் பதிவு, 4 நிமிடம்)

கார்த்தி, 7:33
பஸ்ல இருக்கறனுங் பெரியப்பா, சத்தத்துல ஒன்னும் கேக்கல. யாராச்சும் எழுதிப் போடுங்களேன்.

தேவி, 7:58
பெரியப்பா பேசுனத அப்படியே போடறேன். இருமுனத மட்டும் உட்டுட்டேன்.

"தம்பி, ஆடு வளக்கறது நல்ல யோசனைதான், வேண்டாங்கல. பரண் மேல நிக்கற ஆட்டுக்கு நாமதான் அறுத்துக் கொண்டாந்து போடோணும். கோ எஃப்எஸ் 29 தீவனச் சோளமோ, வேலிமசாலோ, எத வெதைச்சாலும் தண்ணி வேணும். நம்ம கெணத்துல பாறை தெரியுது. ஐப்பசி கார்த்திகை மழை பொய்ச்சுதுன்னா மாசியிலயே சோளத்தட்டு வெலைக்கு வாங்கோணும். நூறு உருப்படிக்கு வாங்கிப் போட்டுட்டு லோனும் கட்டுவியா?

நம்முளது கொரங்காடு, ஆடு மாடு மேயறதுக்குன்னே வேலி போட்டு உட்ட மானாவாரிக் காடு. சும்மா கெடக்கற கரடுன்னு நெனச்சுக்காதே. கொழுக்கட்டைப்புல்லு மேல காஞ்சு நின்னாலும் வேரு சாவாது. ஒரு மழை உழுந்தாப் போதும், துளுத்துக்கும். வெயில் காலத்துல புல்லே இல்லாதப்பத்தான் வெள்ளவேலாங்காய் உதிரும். அதப் பொறுக்கித் தின்னே செம்மறி தாக்குப்புடிச்சுரும். நெழலும் அந்த மரந்தான். சுத்தியும் முள்ளுக்கிளுவை வேலி, படலச் சாத்திட்டா மேய்க்க ஆளே வேண்டாம். வெள்ளாட்ட உட்டீன்னா அந்த வேலியவே கடிச்சுத் தின்னுபோடும். நம்மாளுக மயிலம்பாடிச் செம்மறி வெச்சிருக்கறது அதுக்குத்தான்.

எங்கய்யன் காட்ட நாலா வகுந்து வெச்சிருந்தாரு. ஒன்னுல மேஞ்சா மத்தது தேறும். ஒரு பாகத்த எப்பவும் அடைச்சே வெச்சிருப்பாரு. எந்தப் பஞ்சத்துக்கு இதுன்னு எங்கம்மா சடைஞ்சுக்கும். பஞ்சம் வந்தப்ப அந்த அடைச்ச காடுதான் சோறு போட்டுது."

கார்த்தி, 8:20
பஞ்சம்னா எப்பங் பெரியப்பா?

பெரியப்பா, 8:26
ஏன், 2016 மறந்துபோச்சா? வடகெழக்கு மழையே கெடையாது. 2017 சனவரியில 32 மாவட்டமும் வறட்சின்னு சர்க்காரே அறிவிச்சுது. ஆயிரம் அடி போர் போட்டவனுக்கும் பொகைதான் வந்துது. உடுமலை பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மட்டை தொங்கி நின்னுது. தென்னையப் புடிச்சுட்டுச் சந்தைக்குப் போவ முடியாது. ஆட்டப் புடிச்சுட்டுப் போலாம்

பெரியப்பா, 8:29
அதுலயும் தையிலயே கெழட்டாட்டையும் கெடாக்குட்டியவும் கன்னிவாடி சந்தைல தள்ளுனவன் தப்பிச்சான். எளம்பெட்டை மறியும் ஈனற பெட்டையும் மட்டும் வெச்சு மேச்சான். சித்திரை வரைக்கும் பாக்கலாம்னு இருந்தவன் எலும்புந்தோலுமாக் கொண்டுபோனான், கறிக்காரன் கேட்ட வெலைக்குக் குடுத்தான்

சண்முகம் மாமா, 8:31
அது நெசம். எல்லாரும் விக்கறப்ப வித்தா வெல எங்க நிக்கும். புரட்டாசியிலயும் அதே கதைதான். பக்ரீத், தீபாவளி, மாரியம்மன் நோம்பி பாத்து வித்தாத்தான் காசு.

மல்லிகா அத்தை, 8:40
எல்லாஞ்சரி, நாய்க்கு என்ன பண்றது? காங்கேயம் வெள்ளகோவில் பக்கம் செத்த ஆட்டப் போட்டு ரோட்ல உக்காந்தாங்கல்ல. எங்க பக்கத்துத் தோட்டத்துப் பட்டியில ராத்திரி பூந்து கடிச்சுப்போட்டுப் போயிருச்சு. தின்னாக்கூடப் பரவால்ல, கொதறிப்போட்டுப் போவுது. வறட்சிக்குத் தப்பிச்ச ஆடு நாய்க்குத் தப்பல.

பெரியப்பா, 8:44
அதுக்குக் கிளுவை வேலி மட்டும் பத்தாது அம்மணி. ராத்திரிக்குப் பட்டிய கம்பிவலை போட்டு அடைச்சே ஆகோணும். முன்னெல்லாம் காட்டுலயே கெடக்கும். இப்ப முடியாது

கவிதாக்கா (கால்நடை டாக்டர்), 9:15
இப்பத்தான் பாத்தேன். கார்த்தி, பெரியப்பா சொல்றதக் கேளு. எங்க டிஸ்பென்சரிக்கு வர்றதுல பாதி, கெடைக்கற தீனிக்கு மேல ஆடு வெச்சிருக்கறவங்க கேசுதான். மெலிஞ்ச பெட்டை சரியாச் சினை புடிக்காது, குட்டி போட்டாலும் பால் இருக்காது.
தண்ணியில்லாம வாடுன எளஞ்சோளத்துல ஆட்ட உட்றாதே, சயனைடு ஏறியிருக்கும். மூச்சு வாங்கி உழுந்துரும், வண்டி எடுத்துட்டு நான் வர்றதுக்குள்ள முடிஞ்சுபோயிரும். அறுத்து நல்லாக் காயவெச்சுட்டா வெசம் கொறஞ்சுரும்.

கார்த்தி, 9:18
ஊசி எப்பப் போடோணும்க்கா?

கவிதாக்கா, 9:24
துள்ளுமாரி நோவுக்கு மழைக்கு முன்னாடி. வறட்சி முடிஞ்சு மழை உழுந்ததும் எளம்புல்லுல பாய்ஞ்சு மேயும், அப்பத்தான் நல்லாக் கொழுத்த குட்டியா பாத்துச் சாவும். ஆட்டுக்கொல்லி நோவுக்கு ஒருக்காப் போட்டா மூனு வருசம் தாங்கும். சந்தைல வாங்குன ஆட்ட நேரா மந்தைல சேக்காம, மூனு வாரம் தனியாக் கட்டு.

கார்த்தி, 9:40
அப்ப பரண் வேண்டாங்கறீங்களா எல்லாரும்?

சண்முகம் மாமா, 9:41
தண்ணி இருக்கற தோட்டத்துல போட்டா நல்லாத்தான் ஓடுது. பவானி வாய்க்கால் பக்கம் பாரு. மூலனூருக்கு அது ஒத்து வராது மாப்ள

பெரியப்பா, 9:52
வேணும்னா இப்படிப் பண்ணு. பத்து மறி, ஒரு கெடா. லோன் வேண்டாம். காட்டுல ரெண்டு பாகத்த அடைச்சுவெச்சு புல்லு வெதை தூவி உடு. காடு தாங்குதான்னு பாத்துப்போட்டு மந்தையப் பெருசு பண்ணு. ஞாயித்துக்கெழமைல ஒருக்கா வந்து வேலியச் சுத்திப் பாரு, எங்கெங்க ஓட்டை இருக்குதுன்னு தெரியும்

மல்லிகா அத்தை, 9:55
மறி வாங்கப் போறப்ப உங்க மாமனக் கூட்டிட்டுப் போயிராதே

சண்முகம் மாமா, 9:55
🙏

கார்த்தி, 10:10
சரிங் பெரியப்பா, பத்துலயே ஆரம்பிக்கறனுங். குத்தகை இந்த வருசத்தோட முடியுதான்னு மட்டும் குத்தகைக்காரங்களக் கேட்டுச் சொல்லுங்க.

பெரியப்பா, 10:14
கேட்டாச்சு. தை வரைக்கும் அவிய கையில. அதுக்குள்ள கம்பிவலை என்ன வெலைன்னு தாராபுரத்துல விசாரிச்சு வை