கபடி ஆடும் பையனுக்கும் ராத்திரி பல் கடிக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே மாதிரி மவுத்கார்டு (பல்லுக்கு மேல் போடும் கவசம்) போதுமா?

குடியாத்தத்து அம்மா:

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் பல்லில் மூன்று விதமான தொல்லை. பெரியவன் பத்தாவது படிக்கிறான், பள்ளி கபடி டீமில் ரெய்டு போகிறவன், பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கிறான். போன வாரம் பிராக்டீஸில் யாரோ ஒரு பையனின் முழங்கை வாயில் பட்டு, உதட்டின் உள்பக்கம் கிளிப்பில் மாட்டிக் கிழிந்துவிட்டது. மவுத்கார்டு வாங்கிப் போடச் சொல்கிறார் பி.டி. சார். வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் ஷிப்ட் வேலை. தூங்க ஆரம்பித்தால் நறநறவென்று பல்லைக் கடிப்பார், பக்கத்து ரூம் வரைக்கும் கேட்கும், காலையில் எழுந்ததும் தாடை வலி, நெற்றிப்பொட்டு வலி. சின்னவளுக்கு ஐந்து வயது, இப்போது அவளும் கடிக்கிறாள். வயிற்றில் பூச்சி இருக்கும் என்கிறார் மாமியார்.

விளையாட்டுச் சாமான் கடையில் வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கிற கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதாம். அதிலேயே இரண்டு வாங்கி அப்பாவுக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று என்று கொடுத்துவிடலாமா? டாக்டரிடம் போனால் ஆயிரக்கணக்கில் இழுத்துவிடுமோ என்று யோசனையாக இருக்கிறது.

காட்பாடி பல் டாக்டர்:

இரண்டு பேருக்கும் அதே கார்டு வேண்டாம் அம்மா. பையனுக்கு வேண்டியது வெளியிலிருந்து வரும் அடியை வாங்கிக்கொள்கிற மெத்தென்ற சாமான். உங்கள் வீட்டுக்காரருக்கு அடி வெளியிலிருந்து வரவில்லை, அவருடைய தாடையே ராத்திரி முழுக்க அரைக்கிறது, அதைத் தாங்கக் கெட்டியாக இருக்க வேண்டும்.

முதலில் பையன். கிளிப் போட்ட வாயில் வெந்நீர் கார்டை அழுத்திப் பதித்தால் இளகிய பொருள் கம்பிக்குள்ளும் பிராக்கெட்டுக்குள்ளும் (பல்லில் ஒட்டிக் கம்பியைப் பிடித்திருக்கும் சின்னத் துண்டு) இறங்கி மாட்டிக்கொள்ளும், கழற்றும்போது பிராக்கெட்டையே பிடுங்கிக்கொண்டு வரலாம். கிளிப் போட்டவர்களுக்கென்றே சிலிக்கோன் கார்டு வருகிறது, வெந்நீர் வேலை இல்லை, அப்படியே போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் கிளிப் போட்ட டாக்டரே அளவு எடுத்து, மாடல் செய்து, ஈ.வி.ஏ. என்கிற ரப்பர் மாதிரி மெத்தென்ற பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி அதன்மேல் இழுத்துப் பதித்துத் தருவார். நன்றாகப் பொருந்துவது அதுதான். ஆனால் கிளிப் போட்ட பல் நகர்ந்துகொண்டே இருக்கும், இன்று கச்சிதமாக இருப்பது கொஞ்ச நாளில் இறுக்கும். அதனால் பல் நகர இடம் விட்டுச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், மறுபடி மாற்ற வேண்டி வரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக மேல்பல்லுக்குத்தான் போடுவது. கீழேயும் கிளிப் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, பாக்கெட்டில் மூளைக்கும் பாதுகாப்பு என்று போட்டிருந்தால் அதை நம்பி வாங்க வேண்டாம். பல், உதடு, நாக்கு இவற்றைக் காப்பாற்றும், அதுவரைக்கும்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

வீட்டுக்காரருக்கு அக்ரிலிக் என்கிற கெட்டி பிளாஸ்டிக்கில் செய்யும், ராத்திரி போட்டுக்கொள்ளும் நைட் கார்டு. அதைச் செய்து கொடுத்தால் மட்டும் வேலை முடியாது, கலர் பேப்பர் வைத்துக் கடிக்கச் சொல்லி, எங்கே அதிகமாகப் படுகிறதோ அங்கே தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். நீங்கள் கொடுக்கும் காசில் பாதி அந்தச் சரிசெய்தலுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெத்தென்ற கார்டைப் போட்டால் சிலர் இன்னும் அதிகமாக மெல்லுவார்கள். கெட்டி கார்டு போட்டாலும் கடிக்கிற பழக்கம் நின்றுவிடாது, பல் தேயாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். டீ, சிகரெட், மது, மனக்கவலை எல்லாமே கடிப்பதைக் கூட்டும், மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளும் கூட்டும் (அப்படி ஏதாவது சாப்பிட்டால் தானாக நிறுத்தக் கூடாது, கொடுத்த டாக்டரிடம் சொல்லணும்). முக்கியமாக ஒன்று கேட்கிறேன், அவர் சத்தமாகக் குறட்டை விடுவாரா, நடுவில் மூச்சு நின்று திணறுவாரா? அப்படியென்றால் கார்டு அளவு எடுப்பதற்கு முன்னால் அதைக் காட்டுங்கள். தூக்கத்தில் மூச்சு அடைப்பவர்களில் சிலருக்கு நைட் கார்டு அதை மோசமாக்கும்.

சின்னவளுக்கு எதுவும் வேண்டாம். பால்பல் வயதில் நிறையக் குழந்தைகள் கடிப்பார்கள், பெரிய பல் முளைத்து வரும்போது பெரும்பாலும் தானாக நின்றுவிடும். பால்பல் வயதில் வளர்கிற வாய்க்கு நைட் கார்டு போடவும் கூடாது. வாயைத் திறந்து தூங்குகிறாளா, குறட்டை வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். பூச்சி மாத்திரை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் வருஷத்துக்கு இரண்டு தடவை கொடுக்கிறார்கள், அதைத் தவறாமல் கொடுங்கள், அது பூச்சிக்கு. பூச்சியால்தான் பல் கடிக்கிறாள் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை, மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

கோட்டைப் பக்கம் கபடி:

டாக்டர் சொன்னது எல்லாம் சரி, ஆனால் கபடிக்கே உள்ள ஒரு சிக்கலை யாரும் சொல்லவில்லை. குத்துச்சண்டைக்காரன் வாயை மூடிக்கொண்டு ஆடலாம். ரெய்டு போகிறவன் கபடி கபடி என்று விடாமல், ரெப்ரிக்குக் கேட்கிற மாதிரி பாடிக்கொண்டே போகணும். தடிமனான கார்டு போட்டால் அது கவடி, கவவி என்று குழறும், பாட்டு நின்றுவிட்டது என்று ரெப்ரி விசில் ஊதினால் ரெய்டு போச்சு. நான் பசங்களுக்குக் கோச்சிங் கொடுக்கிறேன், கார்டு வாங்கிய பாதிப் பேர் ஒரு மேட்ச்சோடு பையில் போட்டுவிடுவதற்கு இதுதான் காரணம். அதனால் அளவெடுத்துச் செய்வதுதான் லாபம், மெல்லிசாக உட்காரும், பேச்சு தெளிவாக வரும். வந்த அன்றே மேட்ச்சில் போட வேண்டாம், வீட்டில் போட்டுக்கொண்டு சத்தமாகப் பாடச் சொல்லுங்கள், அக்கம்பக்கம் சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்து, வேலூர் வெயில். கார்டைப் பைக் பெட்டியிலும் பஸ் ஜன்னலோரத்திலும் வைக்கும் பசங்க இருக்கிறார்கள். மே மாதத்தில் அது வளைந்து கோணிவிடும், அப்புறம் எந்த வாய்க்கும் பொருந்தாது. ஓட்டை உள்ள டப்பாவில், நிழலில். கழுவுவது பச்சைத் தண்ணீரில்தான்.

டாக்டர் சார், கிரவுண்டில் பல் முழுசாக விழுந்துவிட்டால் பாலில் போட வேண்டும் என்கிறார்களே, அதை விவரமாகச் சொல்லுங்கள், இங்கே நிறைய பி.டி. வாத்தியார்கள் படிக்கிறார்கள்.

சத்துவாச்சாரி ஜிம்:

எங்கள் ஏரியாவில் எடை தூக்குவது ஊர்ப்பெருமை, சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 இரண்டு காமன்வெல்த்திலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய ஊர். எடை தூக்கும்போது பல்லை இறுக்கிக் கடிக்காதவன் யார்? எனக்குப் பகலில் ஜிம்மில் கடி, ராத்திரி தூக்கத்தில் கடி. ஆன்லைனில் விற்கும் மெத்தென்ற கார்டு என் வாயில் தாங்கவில்லை, கடித்துக் கடித்து ஓட்டையே விழுந்துவிட்டது. இப்போது போட்டிருப்பது கெட்டி அக்ரிலிக். முதல் சில ராத்திரி எச்சில் ஊறி, எப்போது கழற்றினேன் என்றே தெரியாமல் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும். அண்ணனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் அக்கா, இல்லையென்றால் இது சரிப்படாது என்று இரண்டாம் நாளே மூட்டைகட்டி வைத்துவிடுவார். பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல் விழுந்து நாற்றம் பிடிக்கும்.

காட்பாடி பல் டாக்டர்:

கோச் கேட்டதற்கு. நிரந்தரப் பல் வேரோடு விழுந்தால், வெள்ளையாகத் தெரியும் மேல்பகுதியைப் பிடித்து எடுக்கணும், வேரைத் தொடக் கூடாது, சுரண்டக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் லேசாக அலசிவிட்டு, பையன் தெளிவாக இருந்தால் அங்கேயே குழியில் திருப்பி வைத்து, ஒரு சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். தைரியம் வரவில்லையா, குளிர்ந்த பாலில் போடுங்கள், பக்கத்துக் கடை ஆவின் பாக்கெட் போதும். டீக்கடையில் கொதிக்கிற பால் வேண்டாம். தண்ணீரிலும் போட்டு வைக்காதீர்கள். அரை மணி நேரத்துக்குள் வைத்துக் கட்டினால் பிழைக்க நல்ல வாய்ப்பு, ஒரு மணி நேரம் தாண்டினால் குறைந்துகொண்டே போகும். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்று குடியாத்தத்திலிருந்து வேலூர் பஸ்ஸுக்கு நின்றால் அந்த நேரம் பஸ்ஸிலேயே போய்விடும், பக்கத்தில் எந்தப் பல் டாக்டர் இருக்கிறாரோ அங்கே ஓடுங்கள். பால்பல் விழுந்தால் மட்டும் திருப்பி வைக்கக் கூடாது, அடியில் இருக்கும் பெரிய பல் கெடும்.

கேட்காமலே ஒரு கதை: 1890இல் லண்டனில் ஒரு பல் மருத்துவர் குத்துச்சண்டைக்காரர்களின் உதடு கிழியாமல் இருக்க கட்டாபெர்ச்சா பிசினில்தான் முதலில் கார்டு செய்தார். இன்று வேர் சிகிச்சையில் பல்லுக்குள் நாங்கள் அடைப்பதும் அதே கட்டாபெர்ச்சாதான்.

குடியாத்தத்து அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பையனுக்குக் கிளிப் போட்ட டாக்டரிடம் சனிக்கிழமை போகிறோம். வீட்டுக்காரர் குறட்டை விடுவார், மூச்சு திணறுகிறதா என்று இன்று ராத்திரி கவனிக்கிறேன். கார்டு போட்டுக்கொள்ளச் சொன்னால் தீபாவளி போனஸ் வரட்டும் என்கிறார். அதுவரை என்ன செய்வது?

காட்பாடி பல் டாக்டர்:

பகலில் அவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். மிஷினில் உட்கார்ந்திருக்கும்போதும் பைக் ஓட்டும்போதும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கும், அவருக்கே தெரியாது. உதடு மூடியிருக்கலாம், பல் ஒட்டக் கூடாது. சாயங்காலத்துக்கு மேல் டீயை நிறுத்தட்டும், ராத்திரி ஷிப்டு என்றால் தூங்கப் போவதற்குச் சில மணி நேரம் முன்னாலேயே. தாடைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பல் கூசினாலோ ஓரம் உடைந்தாலோ போனஸுக்குக் காத்திருக்க வேண்டாம்.