மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளருமா? அதை நான் கேட்கவே இல்லை

கடலோரத்தான் (வெள்ளி, இரவு 9.10)
போன கிழமை இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "முடி கொட்டுகிறதா? ஒரு தடவை மொட்டை அடி, ஆறு மாதத்தில் காடு மாதிரி வளரும்." கீழே ஆளாளுக்கு ஆமாம் போட்டிருந்தார்கள். வாசித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் தீரவில்லை.

எனக்கு 31 வயது. 24 வயதில் நெற்றி இரண்டு பக்கமும் ஏறத் தொடங்கியது. இப்போது உச்சியிலும் தோல் தெரிகிறது. அப்பாவுக்கும் பெரிய மாமாவுக்கும் இதே தலைதான். நான் மொட்டை அடிக்க நினைப்பது வளர வேண்டும் என்பதற்காக இல்லை. வெள்ளவத்தையில் மெரீன் டிரைவ் பக்கம் மாலையில் நடந்தால் கடற்காற்று முன்முடியைத் தூக்கிவிடும். ஏழு வருடமாக ஒரு கையை நெற்றியில் வைத்துக்கொண்டே நடக்கிறேன். போதும். அடுத்த சனிக்கிழமை வழிக்கப் போகிறேன், வாழ்க்கையில் முதல் தடவை.

கேட்பது மூன்றே விஷயம். மெஷினில் சீரோ போதுமா, பிளேட் போட வேண்டுமா? வெயிலுக்கு என்ன செய்தீர்கள்? வீட்டில் எப்படிச் சொன்னீர்கள்? "வளரும்" என்ற கதையைத் தயவுசெய்து இங்கே கொண்டு வராதீர்கள்.

ஆமர்வீதி (9.26)
அதை எழுதியது நான்தான் தம்பி. "ஒருவர்" என்று மறைத்து எழுதத் தேவையில்லை.

எனக்கு 58 வயது. 1994, 2003, 2017 என்று மூன்று தடவை கதிர்காமத்தில் முடியிறக்கி மாணிக்க கங்கையில் முழுகியவன். மூன்று தடவையும் முன்பை விடத் தடிப்பாக வளர்ந்தது. கடைசித் தடவை டெங்கு வந்து எழும்பியபின் சீப்பு வைத்தால் கொத்துக் கொத்தாக வந்தது. நேர்த்தி வைத்தேன், போய் இறக்கினேன். அடுத்த தைப்பொங்கலுக்குத் தலையில் கை வைத்தால் விரல் உள்ளே போகாது. என் தலைதான் சாட்சி. வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

குளிசைக்காரி (9.41)
ஆமர்வீதி அண்ணா, டெங்கு போல கடும் காய்ச்சல் வந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் ஒரு பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அதெல்லாம் சேர்ந்து கொட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நன்றாக இருக்கும்போது திடீரென்று கொட்டுவது அதனால்தான். வேர் சாகவில்லை என்பதால் அடுத்த ஆறு மாதம், ஒரு வருடத்தில் தானாகவே திரும்பி வரும். மொட்டை அடித்தவருக்கும் வரும், அடிக்காதவருக்கும் வரும். நீங்கள் கொட்டி முடிந்த நேரத்தில் போய் இறக்கினீர்கள், வளர்ந்ததை மொட்டையின் கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

முடியின் உயிருள்ள பகுதி தோலுக்குக் கீழே இருக்கிறது. கத்தி வெட்டுவது மேலே நிற்கும் உயிரில்லாத தண்டை. மேலே வெட்டியது கீழே வேருக்குத் தெரியாது. 1928இலேயே மில்ட்ரெட் ட்ரொட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியல் ஆய்வாளர் ஆண்களின் தாடியை வைத்து அளந்து பார்த்தார். வழித்ததால் தடிப்பும் கூடவில்லை, வேகமும் கூடவில்லை.

ஆமர்வீதி (9.47)
தாடி. நீங்களே எழுதிவிட்டீர்கள் தங்கச்சி, தாடி என்று. நான் கதைப்பது தலையைப் பற்றி. தாடி எப்போது தலை ஆனது?

குளிசைக்காரி (9.58)
1970இல் இன்னொரு ஆய்வு. ஐந்து இளைஞர்கள் ஒரு காலை மட்டும் வாராவாரம் பல மாதம் வழித்தார்கள், மற்றக் காலை விட்டுவிட்டார்கள். இரண்டு காலுக்கும் வித்தியாசம் இல்லை. தோலுக்கு மேலே வெட்டுவது வேரைத் தொடாது, அது எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

ஆமர்வீதி (10.01)
முதலில் தாடி, இப்போது கால். தலைக்கு எப்போது வருவீர்கள்? தாடி தலை அல்ல. கால் தலை அல்ல. தலையை வழித்து அளந்த ஒருவரைக் காட்டுங்கள், நான் வாயை மூடுகிறேன். மூன்று தடவை தலையை வழித்தவன் இங்கே நான் ஒருவன்தான்.

கத்திபிடித்தவன் (10.20)
கொட்டாஞ்சேனையில் 22 வருடமாக சலூன் வைத்திருக்கிறேன். ஊர் ஹட்டன். என் கையால் எத்தனை தலை வழித்தேன் என்று கணக்கில்லை, ஜிந்துப்பிட்டி முருகன் கோவிலுக்கு நேர்த்தி வைத்தவர்கள் மட்டுமே வருடத்துக்கு எத்தனையோ பேர். யாருக்கும் புதிதாக முடி முளைத்து நான் பார்த்ததில்லை. முன்னால் வழுக்கை விழுந்தவர் ஆறு மாதம் கழித்து வந்தால் அதே இடத்தில் அதே வழுக்கை.

தடிப்பாகத் தெரிவதற்குக் காரணம் முனை. வெட்டாத முடி நுனியில் ஊசி மாதிரி மெலிந்து போகும். வழித்தால் நடுத்தண்டு வெட்டுப்பட்டு முனை தட்டையாகிவிடும். முளைக்கும்போது தடவினால் குத்தும். குத்துவதைத் தடிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தம்பி கடலோரத்தான், உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் நாளே பிளேட் வேண்டாம். மெஷினில் சீரோ போடுங்கள், ஒரு கிழமை அப்படியே இருந்து பாருங்கள். தலையில் மேடு பள்ளம், சின்ன வயதில் விழுந்த தழும்பு எல்லாம் அப்போதுதான் உங்களுக்கே தெரியவரும். பிறகு பிளேட் வேண்டுமானால் வெந்நீரில் ஊறவைத்து, நுரை போட்டு, முடி படிந்த பக்கமாகவே இழுக்க வேண்டும். உச்சியில் சுழி இருக்கும் இடத்தில் முடி வட்டமாகத் திரும்பும், அங்கே கத்தியும் அதோடு திரும்ப வேண்டும். எதிர்த்து இழுத்தால் மூன்றாம் நாள் சிவப்புச் சிவப்பாகப் பரு வரும். பிளேட்டைக் கண் முன்னால் உறை பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஒருவரைக் கீறிய பிளேட்டில் ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் அடுத்தவருக்குப் போகும். கேட்கக் கூச்சப்படாதீர்கள், நல்ல தொழில்காரன் கோபிக்க மாட்டான்.

பருத்தித்துறையான் (10.34)
கத்திபிடித்தவன் சொல்வது முழுக்கச் சரி. தலைமயிர் வேரில் இருந்துதான் வளர்கிறது. மயிரின் நுனியை வெட்டி வேரை மாற்ற முடியாது. ஆமர்வீதி ஐயா மயிரைப் பற்றிக் கதைக்கும்போது நேர்த்தியை இழுக்காமல் கதைக்கலாம்.

கத்திபிடித்தவன் (10.39)
அண்ணன், எனக்கு ஆதரவாக எழுதினீர்கள், நன்றி. ஆனால் அந்தச் சொல்லை மூன்று தடவை எழுதினீர்கள். பெண்களும் இருக்கும் இடம். முடி என்று எழுதலாமே.

பருத்தித்துறையான் (10.45)
எந்தச் சொல்லை? மயிரையா? எங்கள் வீட்டில் அம்மா, அம்மம்மா எல்லோரும் தலைமயிர் என்றுதான் சொல்வார்கள். திருக்குறள் 964இல் "தலையின் இழிந்த மயிரனையர்" என்றுதான் இருக்கிறது. நல்ல தமிழ்ச் சொல்லைக் கெட்ட வார்த்தை ஆக்கியது யார் என்று முதலில் பாருங்கள்.

கத்திபிடித்தவன் (10.52)
எங்கள் பக்கம் அதை வாய்ச்சண்டையில்தான் சொல்வார்கள். என் கடையில் ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சொல்லிக் கைகலப்பு ஆகியிருக்கிறது. உங்கள் ஊர்ப் பேச்சு மட்டும்தான் தமிழ் என்று நினைப்பது உங்களுக்குப் பழக்கம். கொழும்பில் எல்லோரும்தான் இருக்கிறோம்.

பருத்தித்துறையான் (10.55)
நான் அப்படிச் சொல்லவில்லை. நீங்கள்தான் என் சொல்லைத் திருத்த வந்தீர்கள்.

ஆமர்வீதி (11.03)
முடியோ மயிரோ, மொட்டை அடித்தால் தடித்து வளரும். பிறந்த குழந்தைக்கு எதற்கு முதல் முடி இறக்குகிறோம்? அந்தப் பூனைமுடி போய் நல்ல முடி வருவதற்கு. என் மூன்று பிள்ளைகளுக்கும் வந்தது. நம் பாட்டன் பூட்டன் எல்லோரும் முட்டாள்களா? 22 வருடம் கத்தி பிடித்தவர் வெட்டியதைத்தான் பார்த்திருப்பார். வளர்ந்ததை வளர்த்தவன்தான் பார்ப்பான்.

கத்திபிடித்தவன் (11.08)
இந்தக் கடைசி வரியை மறக்க மாட்டேன் ஐயா. வெட்டியவனிடம்தான் ஒவ்வொரு மாதமும் அந்தத் தலை திரும்ப வருகிறது. வளர்ந்ததையும் நான்தான் பார்க்கிறேன். என் தொழிலை மட்டமாகப் பேசாதீர்கள்.

குளிசைக்காரி (11.15)
குழந்தையின் மெல்லிய முடி இறக்காவிட்டாலும் உதிர்ந்து வேறு முடி வரும். வயசுக்கு வரும் பையன் ஷேவ் பண்ணத் தொடங்கிய பிறகு மீசை கறுத்தது என்று சொல்வதும் இதே மாதிரிதான். அந்த வயதில் ஹார்மோன் மீசையைக் கறுக்க வைக்கிறது, அதைப் பார்த்துத்தான் அவன் ரேசரையே எடுக்கிறான். வழுக்கைக்குக் காரணம் வேறு. டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பரம்பரையாக அதைத் தாங்காத வேர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குகிறது. கடலோரத்தானுக்கு நடப்பது அது. அதற்கு மினொக்சிடில், பினஸ்டெரைட் என்று மருந்துகள் இருக்கின்றன, டாக்டரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் டெங்குவுக்குப் பப்பாளி இலைச்சாறு போதும், இரத்தப் பரிசோதனை தேவையில்லை என்று இதே ஆமர்வீதி அண்ணாதான் எழுதினார். அன்றைக்கும் "என் உடம்புதான் சாட்சி" என்றார். வாசித்துவிட்டு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தால் யார் பொறுப்பு? அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. வெளிப்படையாகவே சொல்கிறேன்.

ஆமர்வீதி (11.19)
பப்பாளி இலையை ஏன் இழுக்கிறீர்கள்? பதில் இல்லாதவர்கள்தான் பழசைக் கிண்டுவார்கள். நான் குடித்தேன், பிழைத்தேன்.

தலைக்கு வாருங்கள். தாடி தலை அல்ல. கால் தலை அல்ல.

குளிசைக்காரி (11.22)
2017இல் நீங்கள் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்ததாகவும் அதே பதிவில் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த வருடம் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அவர்களை இலைச்சாறா காப்பாற்றியது?

ஆமர்வீதி (11.24)
இரண்டும்தான். தலைக்கு வாருங்கள்.

கடலோரத்தான் (11.40)
என் கேள்வியில் ஒன்றுக்கு மட்டும் கத்திபிடித்தவன் அண்ணன் பதில் சொன்னார், மிக்க நன்றி. வெயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இது மார்ச் கடைசி. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கும். 31 வருடம் வெயில் படாத தோல் அது.

வீட்டு விஷயம்தான் எனக்குப் பெரிது. அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். "அப்பா இருக்கும்போது காரணமில்லாமல் மொட்டை அடிப்பாயா? கொள்ளி வைத்த பிள்ளை மாதிரி என் முன்னால் வந்து நிற்பாயா?" என்று குசினிக்குள் நின்று அழுதார். அவரிடம் வேரையும் தண்டையும் விளக்கிப் பயன் இல்லை. அந்தத் தலையை அவர் எங்கே பார்த்தார் என்று எனக்குத் தெரியும். தாத்தா செத்த அன்று அப்பாவின் தலையில் பார்த்தார். இதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

பருத்தித்துறையான் (11.52)
தம்பி, எனக்கும் இதேதான் நடந்தது. கந்தோரில் ஒவ்வொருவராக வந்து "யார் தவறினது?" என்று கேட்டார்கள். பம்பலப்பிட்டியில் மேல் மாடி ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டு அழவே தொடங்கிவிட்டார். அம்மா இரண்டு கிழமை என் முகம் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் அவராகவே உச்சியில் தேங்காயெண்ணெய் வைத்துவிட்டார். முன்கூட்டிச் சொல்லிவிட்டது நல்லது, திடீரென்று போய் நின்றிருந்தால் இன்னும் கஷ்டம். வெயிலுக்குத் துணித் தொப்பி, தலைக்கும் சன் கிரீம். முதல் நாள் நான் பூசவில்லை, உச்சி தக்காளி மாதிரி சிவந்து நாலாம் நாள் தோல் உரிந்தது.

மற்றபடி, மயிர் கெட்ட வார்த்தை இல்லை.

கத்திபிடித்தவன் (11.55)
எங்களுக்குக் கெட்ட வார்த்தைதான்.

ஆமர்வீதி (11.58)
தம்பி, அம்மாவைச் சமாதானப்படுத்த வழி நான் சொல்கிறேன். கதிர்காமத்துக்கு நேர்த்தி என்று சொல்லுங்கள். எந்தத் தாயும் அதைத் தடுக்க மாட்டார். இறக்கிவிட்டு வாருங்கள், ஆறு மாதத்தில் அந்த முன்னெற்றியிலும் வளரும், அப்போது எனக்கு எழுதுங்கள்.

கடலோரத்தான் (சனி, 12.06)
முருகன் பெயரைச் சொல்லி அம்மாவிடம் பொய் சொல்ல மாட்டேன் ஐயா. எனக்கு வளரவும் தேவையில்லை. முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன்.

குளிசைக்காரி (12.09)
முன்னெற்றியில் வளராது. ஒருவருக்கு இல்லாத நம்பிக்கையைக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

ஆமர்வீதி (12.14)
வளரும். 1994இல் எடுத்த படம் அலுமாரியில் இருக்கிறது, 2018 தைப்பொங்கல் படமும் இருக்கிறது. நாளை காலை இரண்டையும் போடுகிறேன். தாடியும் காலும் காட்டியவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

குளிசைக்காரி (12.16)
2017இல் காய்ச்சலுக்கு முன் எடுத்த படத்தையும் போடுங்கள் அண்ணா. அதுதான் வேண்டும்.

ஆமர்வீதி (12.31)
அது எதற்கு?