புதுப்பிப்பு: ஃபெஞ்சல் புயல் பயிர் நிவாரணம் வந்துருச்சு

பக்கத்து வயக்காரங்களுக்கெல்லாம் பணம் ஏறியும் எங்கப்பாவுக்கு மட்டும் வரலைன்னு முன்னாடி இங்க கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

கடைசியில வேலைக்கு ஆனது கடலூர் அண்ணன் சொன்னதுதான்: "லிஸ்ட்ல பேர் இருக்கான்னு மட்டும் பாக்காத தம்பி, ஐஎஃப்எஸ்சி கோடையும் பாரு". விஏஓ ஆபீஸ்ல போயி பாத்தா பேரு, சர்வே நம்பர், அக்கவுண்ட் நம்பர் எல்லாம் சரியா இருக்கு, ஆனா பேங்க் கிளையைக் குறிக்கிற அந்தக் கோடு மட்டும், எங்க பேங்க் வேற பேங்கோட சேர்றதுக்கு முன்னாடி இருந்த பழசு, அதனால அனுப்புன பணம் திரும்பிப் போயிருக்கு. புது பாஸ்புக் முதல் பக்கம் ஜெராக்ஸ், சிட்டா, ஆதார் மூணையும் வச்சு தாலுகா ஆபீஸ்ல மனு குடுத்தோம், மறுபடி அனுப்பிட்டாங்க.

தொகை எப்படின்னு கேட்டவங்களுக்கு: 33 சதவீதத்துக்கு மேல சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500. எங்க பட்டாவுல 0.81.0 ஹெக்டேர், அதாவது 2 ஏக்கர், வந்தது 13,770. அழுகுன நாத்துக்கும் நடவு கூலிக்குமே இது பத்தாது, அதையும் சொல்லித்தான் ஆகணும்.

எதிர்பாக்காதது என்னன்னா, வெள்ளத்துல செத்த பசுவுக்கு 37,500 தனியா, இதுக்கு முன்னாடியே வந்துருச்சு. கால்நடை டாக்டரை வரவச்சு சர்டிபிகேட் வாங்குன பிறகுதான் அப்பா மாட்டைப் புதைக்க விட்டாரு. ஆடு செத்திருந்தா 4,000, அதுக்கும் சர்டிபிகேட் வாங்கிருங்க.

பயிர் இன்சூரன்ஸ் வேற கணக்கு, அது இன்னும் வரல.