ஏசி அறையில் காற்றுக் கசிவு: எதை முதலில் அடைப்பது?

மாடிவீடு:
வேளச்சேரி, இரண்டாம் மாடி. 12×10 அடி படுக்கையறை, 10 அடி உயரம், 1.5 டன் ஏசி, 24 டிகிரி. ஃபில்டர் கழுவியாச்சு, கேஸ் பிரஷரும் சரி. ஆனாலும் விடியும்வரை பிசுபிசுப்பு போகவில்லை. கதவுக்கு அடியில் விரல் நுழைகிற சந்து, மூன்று டிராக் அலுமினிய சன்னல், அட்டாச்டு பாத்ரூம். இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடுகிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

சன்னல்காரர்:
முதலில் பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ராத்திரி ஓடுகிறதா என்று பாருங்கள். 6 அங்குல ஃபேன் மணிக்குச் சுமார் 200 கன மீட்டர் காற்றை இழுக்கும். உங்கள் அறையின் மொத்தக் காற்றே 34 கன மீட்டர்தான்.

அதே ஃபேனை வைத்துக் கசிவையும் கண்டுபிடிக்கலாம். சன்னல், அறைக்கதவு எல்லாவற்றையும் மூடி, ஏசியையும் சீலிங் ஃபேனையும் நிறுத்தி, பாத்ரூம் கதவைத் திறந்து எக்ஸாஸ்ட்டைப் போடுங்கள். ஊதுபத்தியைச் சன்னல் ஓரம், ஏசி பைப் ஓட்டை, கதவு நிலை என்று நகர்த்துங்கள். புகை எங்கே சட்டென்று உள்பக்கம் வளைகிறதோ அங்கே கசிவு. திரைச்சீலையை முதலில் கழற்றிவிடுங்கள்.

சன்னலில் தேய்ந்து போவது வுல் பைல், அந்த மயிர்ப்பட்டைதான். ஷட்டரை, அதாவது நகரும் கண்ணாடிக் கதவை, மேலே தூக்கி, அடியை உள்பக்கம் சாய்த்தால் கழன்று வரும். பழைய பட்டையில் ஒரு சாண் வெட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள். பட்டையின் அகலமும் மயிர் உயரமும் இரண்டும் பொருந்தணும். உயரம் கூடினால் ஷட்டர் இறுகும், குறைந்தால் போட்டும் பயனில்லை. கீழ் டிராக்கில் இருக்கும் சின்ன ஓட்டைகளை மட்டும் அடைக்காதீர்கள். மழைத்தண்ணீர் வெளியேறும் வழி அது. அடைத்தால் தண்ணீர் கட்டிலுக்கு வரும்.

குளிர்பதனம்:
கணக்கு: 900 மி.மீ. கதவில் 12 மி.மீ. சந்து என்றால் 108 சதுர செ.மீ. சுவரில் உள்ளங்கை அளவு ஓட்டை போட்ட மாதிரி. நம்மூர் மே மாத இரவுக் காற்று, 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்று வைப்போம். அறைக்காற்று மணிக்கு ஒருமுறை மாறினாலே ஏசி ஒவ்வொரு மணிக்கும் ஏறக்குறைய அரை லிட்டர் நீரைப் பிழிந்தெடுக்கணும். 8 மணி நேரத்துக்குச் சுமார் 1 யூனிட் கரண்ட். வெப்பத்தைவிட ஈரம்தான் இங்கே செலவு, உங்கள் பிசுபிசுப்பும் அதுதான்.

கதவுக்கு அலுமினியப் பட்டையில் ரப்பர் வைத்த அடிப்பட்டை வாங்குங்கள். ஹாக்ஸாவால் அளவுக்கு வெட்டி, ரப்பர் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி திருகுங்கள். அழுத்தி வைத்தால் சீக்கிரமே மடிந்து கிழியும். கதவின் இருபுறமும் தரையோடு நிற்கும் இரட்டை ஃபோம் உருளை மலிவுதான், ஆனால் தரை துடைக்கும் தண்ணீரைக் குடித்து நாறும்.

ஏசி பைப் ஓட்டைக்கு பியூ ஃபோம், டப்பாவிலிருந்து அடிக்கும் பாலியூரித்தேன் நுரை. பாதி அளவுக்கு மட்டும் அடியுங்கள், அது உப்பும். ஏசி தண்ணீர் போகும் டிரெயின் பைப் வெளிப்பக்கம் சரிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடிக்கணும். வெயில் பட்டால் ஃபோம் உதிரும், அதனால் வெளிமுகத்தில் சிமெண்ட் பூச்சு. இன்டோர் யூனிட்டுக்குக் கீழே சுவர் ஈரம் காட்டினால், பல வீடுகளில் காரணம் இந்த ஓட்டைதான்: வெளிக்காற்று குளிர்ந்த பைப்பில் பட்டு வியர்க்கிறது.

சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நியூட்ரல் சிலிக்கான் சீலன்ட். வினிகர் வாடை அடிக்கும் வகை சிமெண்டில் நிற்காது. 5 மி.மீ. அகலம், 5 மி.மீ. ஆழமுள்ள சந்துக்கு 280 மி.லி. டியூப் சுமார் 11 மீட்டர் வரும். பெயிண்ட் அடிக்க வேண்டிய உள்பக்கத்தில் அக்ரிலிக் சீலன்ட், சிலிக்கான் மேல் பெயிண்ட் ஒட்டாது.

மாடிவீடு:
நன்றி சார். எக்ஸாஸ்ட் விடிய விடிய ஓடுகிறது, இன்றே நிறுத்துகிறேன். பாத்ரூமில் கேஸ் கீசர் இருக்கு. வென்டிலேட்டரையும் அக்ரிலிக் ஷீட் வைத்து மூடிடலாமா?

குளிர்பதனம்:
கூடவே கூடாது. கேஸ் கீசர் எரிய வெளிக்காற்று வேணும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையே கிடையாது, குளிக்கிறவர் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். வென்டிலேட்டரைத் தொடாதீர்கள், பாத்ரூம் கதவுக்கு அடிப்பட்டையும் போடாதீர்கள். குளிக்கும்போது எக்ஸாஸ்ட்டால் கெட்ட காற்று உள்ளே திரும்புகிறதா என்பதையும் ஒரு பிளம்பரை வைத்துப் பாருங்கள். முடிந்தால் கீசரையே பாத்ரூமுக்கு வெளியே, திறந்த பால்கனிச் சுவருக்கு மாற்றுங்கள். மற்ற அடைப்பு வேலைகளை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.